அம்பாசடரின் தாகம்

மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறு கடந்ததும் மலைப்பாதை தொடங்கிவிடும். 1960களிலும் 70களிலும் குன்னூருக்கும் ஊட்டிக்கும் காரில் போன குடும்பங்களுக்குப் பர்லியார் ஒரு கட்டாய நிறுத்தம். பலாவும் மங்குஸ்தானும் வாங்கலாம் என்பது பிள்ளைகளின் கணக்கு. வண்டி கொதித்துவிட்டது என்பது டிரைவரின் கணக்கு. அவர் முதலில் பின்சக்கரத்துக்குக் கல் வைப்பார். பானெட்டைத் திறந்து விட்டுவிட்டு ஒரு பீடி முடியும்வரை பக்கத்தில் போகமாட்டார். பிறகு நனைத்த சாக்கை ரேடியேட்டர் மூடியின்மேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கால் சுற்று மட்டும் திருப்புவார். ஆவி சீறி அடங்கும். எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதுபோல அவசரப்படாமல், டின்னிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார். கொதிக்கும் இரும்பில் குளிர்ந்த தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டினால் எஞ்சின் பிளாக் விரிசல் விட்டுவிடும் என்று யாரும் அவருக்குப் பாடம் நடத்தியதில்லை. பார்த்துப் பழகியது.

இன்று அதே பாதையில் புதுக் கார்கள் ஏ.சி.யைக்கூட அணைக்காமல் ஏறிப்போகின்றன. பானெட் திறப்பதில்லை. காரை ஐந்து வருடம் ஓட்டி விற்றவர்களில் ரேடியேட்டர் மூடியைக் கையால் தொடாதவர்கள் நிறையப் பேர். பல கார்களில் வெப்பமானி முள்ளே கிடையாது. சூடு எல்லை மீறினால் சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான்.

இந்த இரண்டு காலத்துக்கும் நடுவில் மாறியவை பார்வைக்குச் சின்னச் சின்னச் சாமான்கள்: ஒரு ரேடியேட்டர், இரண்டு ரப்பர் ஹோஸ், ஒரு மூடி, உள்ளே ஓடும் நீர். பழைய காரை வைத்துக் காப்பாற்ற நினைக்கிறவர்களுக்கு அந்த மாற்றம் இன்று நேரடியான கேள்வியாக வந்து நிற்கிறது. ரேடியேட்டரும் ஹோஸும் மாற்றவேண்டிய நாள் வரும்போது எதைப் பழையபடி வைப்பது, எதைப் புதிதாக்குவது? அம்பாசடரை வைத்தே அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

செம்பு, பித்தளை, ஈயம்

அம்பாசடரின் மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை. கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் 1957 முதல் 2014 மே மாதம்வரை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைத் தயாரித்தது. நெடுங்காலம் அதன் உயிர் 1489 சிசி பி.எம்.சி. எஞ்சின். அதற்கு முன்னால் நின்றது செம்பும் பித்தளையும் சேர்ந்த ரேடியேட்டர். மேலே ஒரு பித்தளைத் தொட்டி, கீழே ஒன்று. நடுவில் தட்டையான பித்தளைக் குழாய்கள், அவற்றுக்கு இடையே மடிப்பு மடிப்பாகச் செம்புத் தகடு. எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருந்தது ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று.

நீரைப் பல மெல்லிய வழிகளாகப் பிரித்து, இடையில் காற்றை ஓடவிட்டால் சூடு சீக்கிரம் இறங்கும் என்பதுதான் ரேடியேட்டரின் அடிப்படை. 1900ஐ ஒட்டி ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் தேன்கூட்டு ரேடியேட்டரை வடிவமைத்து 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் காரில் வைத்தார். முன்பு தேவைப்பட்ட நீரில் பாதியே போதுமானதாயிற்று. உத்தர்பாரா வரை வந்து சேர்ந்தது அந்த எண்ணத்தின் வழித்தோன்றல்தான்.

செம்பு, பித்தளை ரேடியேட்டரின் பெரிய குணம், அதைப் பிரிக்கலாம் என்பது. ஒழுகினால் கழற்றி, ரேடியேட்டர் வேலை மட்டுமே பார்க்கும் கடைக்குக் கொண்டுபோவார்கள். ஒரு காலத்தில் சென்னைப் புதுப்பேட்டை தொடங்கி மாவட்டத் தலைநகரங்களின் லாரிப்பேட்டை வரை அப்படிப்பட்ட கடைகள் இருந்தன. வாசலில் சிமென்ட் தொட்டி நிறையத் தண்ணீர். வாய்களை ரப்பர் அடைப்பான் வைத்து மூடி, பம்பால் காற்றை ஏற்றி, ரேடியேட்டரைத் தண்ணீரில் அமுக்குவார்கள். குமிழி வரும் இடத்தில் ஓட்டை. அங்கே சாக்பீஸ் கோடு. காய்ந்ததும், துத்தநாகத் துண்டு போட்டுத் தணித்த ஆசிட்டைத் தடவி, புளோ லேம்ப் நெருப்பில் சூடேற்றி, ஈயக் குச்சியை ஓடவிட்டு அடைப்பார்கள்.

குழாய்க்குள் சுண்ணாம்பு படிந்து அடைத்திருந்தால் வேலை இன்னும் நீளும். காஸ்டிக் சோடாத் தொட்டியில் ஊறவைத்து, மேல்தொட்டியைப் பற்று உருக்கிக் கழற்றி, ஒவ்வொரு குழாயிலும் தட்டைக் கம்பி விட்டுக் குத்தி எடுப்பார்கள். குழாய்கள் அதற்கும் தாங்காத நிலையில் இருந்தால் தொட்டிகளை வைத்துக்கொண்டு நடுப்பகுதியை மட்டும் மாற்றுவார்கள். ‘புது கோர் போடுவது’ என்பார்கள். ஒரு ரேடியேட்டர் இரண்டு மூன்று கோர் மாற்றி முப்பது ஆண்டு ஓடியது இப்படித்தான்.

இன்றைய காரில் இருப்பது வேறு பொருள். 1970களில் ஐரோப்பியக் கார்களில் தொடங்கிய அலுமினிய ரேடியேட்டர் பிறகு உலகமெங்கும் பரவியது. நடுப்பகுதி முழுக்க அலுமினியம். இரு பக்கத் தொட்டிகளும் கண்ணாடி இழை கலந்த நைலான் பிளாஸ்டிக். இடையில் ரப்பர் வளையம் வைத்து, தகட்டு விளிம்பை மடக்கி நெரித்து மூடியிருப்பார்கள். வெப்பத்தைக் கடத்துவதில் செம்பு அலுமினியத்தைவிட வெகுவாக மேலானது. ஆனால் அலுமினியத்தின் எடை செம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, விலையும் மலிவு. உலையில் ஒரே மூச்சில் இணைத்துவிடுவதால் ஈயப் பற்றின் தடை நடுவில் இல்லை. குழாய்களையும் அகலமாகச் செய்யலாம். மொத்தமாகப் பார்த்தால் இலேசான, திறமான ரேடியேட்டர் அது.

ஆனால் பிளாஸ்டிக் தொட்டி விரிசல் விட்டால் பெரும்பாலும் பழுது பார்ப்பதில்லை. கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுவார்கள். வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். கைத்தொழில் ஒன்றும் அதோடு முடிந்துவிடுகிறது.

மேல் ஹோஸ், கீழ் ஹோஸ்

எஞ்சினிலிருந்து சூடான நீரை ரேடியேட்டருக்குக் கொண்டுபோவது மேல் ஹோஸ். ஆறிய நீரைத் தண்ணீர் பம்புக்குத் திருப்பித் தருவது கீழ் ஹோஸ். அன்றைய ஹோஸ் ரப்பருக்குள் பருத்தித் துணி வைத்துச் செய்தது. சூட்டிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் அது வெளிப்பக்கமாகக் கெட்டது: கல்லாக இறுகும், வெடிப்பு விடும், இல்லாவிட்டால் ஊதி மென்மையாகும். கண்ணாலேயே தெரிந்துவிடும். வழியில் கிழிந்தால் சைக்கிள் டியூபைக் கீறி இறுக்கிச் சுற்றிக் கட்டி ஊர் வந்து சேர்வார்கள். ரேடியேட்டர் பொட்டு ஒழுகலுக்கு மஞ்சள் தூள் கரைத்து ஊற்றுவதும் இருந்தது. அந்த நேரத்துக்கு ஒழுகல் நிற்கும். மெல்லிய குழாய்களில் வண்டல் சேர்ந்து அடுத்த கோடையில் வண்டி முன்பைவிடச் சீக்கிரம் கொதிக்கும்.

இன்றைய ஹோஸ் ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பர். உள்ளே பின்னிய செயற்கை நூல் வலை. வெப்பத்தையும் ஓசோனையும் வெகுகாலம் தாங்கும். ஆனால் இது கெடும் விதம் வேறு, பழைய கண்ணுக்கு அகப்படாதது. உலோகப் பொருத்துவாய், ஹோஸ், நடுவில் ஓடும் கூலன்ட் என்னும் குளிர்விக்கும் நீர் மூன்றும் சேர்ந்து ஒரு மெல்லிய மின்கலமாகிவிடுகின்றன. அந்த மின்வேதி வினை ஹோஸின் உட்சுவரில் நீளவாக்கில் நுண்விரிசலை உண்டாக்கும். வெளியே கறுப்பு பளபளவென்று இருக்கும். ஒருநாள் திடீரென்று கிழியும். விரிசல் பெரும்பாலும் கிளிப்பிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள்தான் உருவாகும். எனவே எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, ஹோஸின் நடுப்பகுதியை ஒருமுறையும் முனைக்கு அருகே ஒருமுறையும் விரலால் அழுத்திப் பார்க்கவேண்டும். முனை மட்டும் தொளதொளவென்று இருந்தாலோ உள்ளே பள்ளம் தட்டுப்பட்டாலோ மாற்றிவிடுவது நல்லது. கண்ணால் பார்த்த சோதனை இன்று விரலுக்கு மாறியிருக்கிறது.

கிளிப்பில் மாற்றம் குறைவு. திருகு முடுக்கும் ஜூபிலி கிளிப்பை லம்லி ராபின்சன் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி 1921இல் கண்டுபிடித்தார். அம்பாசடரின் ஹோஸை இன்றும் அதே முறைதான் பிடித்து நிற்கிறது. புதுக் கார்களில் ஸ்பிரிங் கிளிப். சூட்டில் ரப்பர் விரிந்தாலும் குளிரில் சுருங்கினாலும் அதன் பிடி தானே சரிசெய்துகொள்ளும். திருகு கிளிப்புக்கு அந்தத் திறமை இல்லை. ஆகவே புது ஹோஸ் மாட்டி, வண்டி ஒருமுறை நன்றாகச் சூடேறி ஆறியதும் மறுபடி ஒரு முடுக்கு முடுக்கவேண்டும். அளவுக்கு மேல் முடுக்கினால் பித்தளை வாய் நசுங்கும், ரப்பர் வெட்டுப்படும்.

ஊற்றிய நீர்

அன்று ஊற்றியது வெறும் தண்ணீர். கிணறு, குழாய், போர், வழியில் ஓடும் ஓடை, எது கிடைத்ததோ அது. விவரம் தெரிந்த டிரைவர்கள் மழைநீரைப் பிடித்து வைத்தார்கள். தமிழ்நாட்டின் போர் தண்ணீரில் பெரும்பாலும் உப்பு அதிகம். சூட்டில் சுண்ணாம்பாகப் படியும். இரும்பு பிளாக்கின் துரு அதோடு சேரும். வடிகுழாயைத் திறந்தால் செம்மண் கரைத்தாற்போல வரும் அந்த நீர்தான் குழாய்களை அடைத்தது.

மலையில் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. உயரம் கூடினால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். கடல்மட்டத்தில் 100 டிகிரி என்றால் 2,240 மீட்டர் உயர ஊட்டியில் ஏறத்தாழ 92 டிகிரி. இதற்கு எதிராக வேலை செய்வது மூடி. உள்ளே அழுத்தம் தேங்கவிட்டுக் கொதிநிலையை உயர்த்தும். அந்தக் கால பிரிட்டிஷ் வடிவக் கார்களின் மூடி சதுர அங்குலத்துக்கு 4 முதல் 7 பவுண்டு அழுத்தம் வரை. 7 பவுண்டு என்றால் சமவெளியில் கொதிநிலை 111 டிகிரி அளவுக்குப் போகும். இன்றைய கார்களில் 13 முதல் 16 பவுண்டு. அதோடு எத்திலீன் கிளைக்கால் பாதிக்குப் பாதி கலந்த கூலன்டும் சேர்ந்தால் கொதிநிலை 125 டிகிரியைத் தாண்டிவிடும். குன்னூர் ஏற்றத்தில் புதுக் கார் கொதிக்காததன் ரகசியத்தில் பெரும்பங்கு இந்தச் சின்ன மூடிக்கும் வண்ண நீருக்கும்தான்.

மூடிக்குச் சென்னையோடு ஒரு பெருமையான உறவு உண்டு. இங்கிருக்கும் சுந்தரம் ஃபாஸனர்ஸ் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில், ஜெனரல் மோட்டார்ஸ் தன் ரேடியேட்டர் மூடிகளை இங்கிலாந்தில் செய்துவந்த இயந்திரங்களை வாங்கித் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது. பிறகு அதே நிறுவனத்துக்கே இங்கிருந்து மூடி செய்து அனுப்பியது. வண்டி கொதித்தால் சாக்கு தேடிய ஊரிலிருந்து அமெரிக்கக் கார்களுக்கு மூடி போனது நம் தொழில் வரலாற்றில் மறக்கக்கூடாத பக்கம்.

மூடி, கூலன்ட் இரண்டிலும்தான் பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனமாக இருக்கவேண்டும். புதியது நல்லது என்று 15 பவுண்டு மூடியை அம்பாசடரில் போட்டால், அந்த அழுத்தத்துக்குச் செய்யப்படாத ஈயப் பற்று எங்காவது விட்டுக்கொடுக்கும். கூலன்டும் அப்படித்தான். 1990களின் நடுவில் வந்த, கரிம அமிலத் தடுப்பான் கொண்ட நீண்ட ஆயுள் கூலன்ட் அலுமினிய எஞ்சினுக்காகச் செய்தது. ஐந்து வருடம் ஓடும். பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்றுக்கும் பழைய ரப்பர், காகித அடைப்புகளுக்கும் அது ஒத்துப்போவதில்லை என்று பிரிட்டனின் பழைய வாகன மன்றங்களின் கூட்டமைப்பு உறுப்பினர்களை எச்சரித்திருக்கிறது. பழைய காருக்கு உரியது சிலிக்கேட் போன்ற கனிமத் தடுப்பான் சேர்ந்த பழைய வகைக் கிளைக்கால் கூலன்ட். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். நிறத்தை நம்பக்கூடாது, பச்சையிலும் இரு வகை உண்டு. டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துத்தான் வாங்கவேண்டும்.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கிறது. பழைய பழக்கத்தில் புதுக் காரின் அலுமினிய ரேடியேட்டருக்குப் போர் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உப்பு நீர் அலுமினியத்தை அரித்துப் பொடியாக்கிவிடும்.

கழற்றி மாட்டும் வேலை

அம்பாசடரில் இந்த வேலை இன்றும் வீட்டு வாசலில் செய்யக்கூடியது. வண்டி முழுக்க ஆறியிருக்க வேண்டும். மூடியைத் திறந்து, கீழ்த்தொட்டியின் வடிகுழாயையும் எஞ்சின் பிளாக்கின் பக்கத்தில் இருப்பதையும் திறந்துவிட வேண்டும். பிளாக்கில் இருப்பதை மறந்தால் துரு உள்ளேயே தங்கிவிடும். ஹோஸ் வாயோடு ஒட்டிக்கொண்டிருந்தால் முறுக்கி இழுக்கக்கூடாது. நீளவாக்கில் கத்தியால் கீறி உரிக்கவேண்டும். ஹோஸ் போனால் போகட்டும், பித்தளை வாய் வளையக்கூடாது. பக்கப் போல்ட்டுகளைக் கழற்றினால் ரேடியேட்டர் மேலே வந்துவிடும். மின்விசிறி இறக்கை செம்புத் தகட்டில் உராயாமல் நடுவில் ஓர் அட்டை வைத்துத் தூக்கவேண்டும். சென்னை பெருங்களத்தூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டில் இது இன்னும் எளிது. முன்பக்க மட்கார்டுகளோடு பானெட் முழுவதும் முன்னால் கவிழ்ந்து, எஞ்சின் அறையே திறந்த மேடையாகிவிடும்.

அன்று இந்த நேரத்தில் மெக்கானிக் இன்னொன்றும் செய்வார்: தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடுவார். “நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?” என்பார். எஞ்சின் சரியான சூட்டை எட்டும்வரை நீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் நிறுத்தி வைப்பது அதன் வேலை. அது இல்லாவிட்டால் எஞ்சின் வெகுநேரம் குளிராகவே ஓடும். பெட்ரோல் கூடும், சிலிண்டர் தேயும். சூட்டின் உண்மையான காரணம் அடைத்த கோராக இருக்கும். பழி தெர்மோஸ்டாட்டின்மேல் விழுந்தது. இன்று ரேடியேட்டரைப் புதுப்பிக்கும்போது தெர்மோஸ்டாட்டைத் திரும்ப வைப்பது அந்த எஞ்சினுக்குச் செய்யும் நியாயம். வைக்குமுன் ஒரு பாத்திரத்து நீரில் போட்டுச் சூடாக்கி, அது திறக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். மதுரை ஃபென்னர் பெல்ட்டோ வேறெதுவோ, ஃபேன் பெல்ட்டையும் அதே நாளில் மாற்றிவிடலாம். தண்ணீர் பம்பைச் சுழற்றுவது அதுதான்.

நிரப்பும்போது மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிட வேண்டும். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும், காற்றுக் குமிழிகள் வரும். அவை நின்றபிறகு நிரப்பி, மேல்தொட்டியில் ஓர் அங்குலம் விட்டு மூடவேண்டும். அன்றைய காருக்கு மிகுநீரைப் பிடித்து வைக்கும் தனித்தொட்டி இல்லை. விரிந்த நீர் சிறு குழாய் வழியாகத் தரையில் விழும். அன்று விழுந்தது தண்ணீர். இன்று விழுவது கிளைக்கால். இனிப்பாக இருக்கும், நக்கும் நாய்க்கும் குடிக்கும் மாட்டுக்கும் நஞ்சு. அதனால் பழைய நீரை வாளியில் பிடித்து, குழந்தைகளும் விலங்குகளும் அண்டாத இடத்தில் மூடி வைத்து, கழிவெண்ணெய் வாங்கும் பணிமனையில் சேர்க்கவேண்டும்.

பட்டறைக்காரர்

பழைய முறையை நேசிக்கிறவர்கள் பேசாமல் விட்டுவிடும் பகுதி ஒன்று இருக்கிறது. ரேடியேட்டர் பற்றவைப்பை உலகெங்கும் ஈய நஞ்சு ஏறும் தொழில்களில் ஒன்றாக மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சின்னக் கூரைக்குக் கீழே, ஆசிட் ஆவியிலும் ஈயப் புகையிலும், காஸ்டிக் தெறிப்பிலும் நாள் முழுக்க நின்றவர்களின் உடல்தான் நம் அப்பாக்களின் கார்களை மலையேற்றியது. அதே கையோடு சோறு சாப்பிட்டார்கள். அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கினார்கள். அலுமினியம் வந்ததால் அந்தத் தொழில் சுருங்கியது ஒரு கைத்திறனுக்கு இழப்பு. பல குடும்பங்களின் இரத்தத்துக்கு நிம்மதி. இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இன்னும் அந்தக் கடைகள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. லாரி, டிராக்டர், ஜெனரேட்டர் ரேடியேட்டர்கள் அவற்றைப் பிழைக்க வைக்கின்றன. பழைய கார்களும் வருகின்றன. 50 ஆண்டு கடந்த வாகனங்களை விண்டேஜ் என்று தனியே பதிவு செய்ய ஒன்றிய அரசு 2021இல் விதி கொண்டுவந்தது, எண்பலகையில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். வாகனம் மூல வடிவில், பெரிய மாற்றம் இல்லாமல் இருக்கவேண்டும் என்பது அதன் நிபந்தனை. கோவையின் ஜீடீ கார் அருங்காட்சியகமும், சென்னையின் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப்பின் அணிவகுப்புகளும் இளைஞர்களுக்கு இந்தக் கார்களைக் காட்டுகின்றன.

ஆகவே என் நிலைப்பாடு இது. அம்பாசடருக்கு அதன் பித்தளைத் தொட்டியை விட்டுவிடாதீர்கள்; பழைய இரும்புக்காரரிடம் செம்பு விலைக்குப் போட்டுவிட்டு அலுமினியம் மாட்டாதீர்கள். புது கோர் போட்டால் அது இன்னொரு முப்பது ஆண்டு ஓடும். ஹோஸுக்குப் புதிய ஈ.பி.டி.எம். ரப்பரையே போடுங்கள், பழைய துணி ரப்பரால் எந்த நன்மையும் இல்லை. மூடி பழைய அழுத்தத்திலேயே இருக்கட்டும். நீர் கூலன்டாகட்டும், ஆனால் ஈயத்துக்கு ஒத்த வகையாக. காரின் உலோகம் எதைத் தாங்கும் என்பதுதான் ஒவ்வொரு முடிவுக்கும் அளவுகோல். பழசு என்பதும் புதுசு என்பதும் அல்ல.

ரேடியேட்டரைக் கொடுக்கப் போகும்போது பட்டறைக்காரரிடம் கூலியில் பேரம் பேசாதீர்கள். புகையை வெளியே இழுக்கும் விசிறியும், கையுறையும், வீட்டுக்குப் போகுமுன் கை கழுவச் சோப்பும் அங்கே இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அதற்கும் சேர்த்துப் பணம் கொடுங்கள். அவர் நலமாக இருந்து, பக்கத்தில் ஒரு பையன் அந்த வேலையைப் பாதுகாப்பாகக் கற்றுக்கொண்டால்தான், அடுத்த தலைமுறையில் ஓர் அம்பாசடர் குன்னூருக்கு ஏற முடியும்.